உடைந்தது இடுப்பெலும்பு மட்டும்தான்

2020 பிப்ரவரியில் இயக்குநர் மிஷ்கின் தெருவில் இறங்கி, பசை வாளியோடு ஒரு படத்துக்கு போஸ்டர் ஒட்டினார். அவர் இயக்கிய படமில்லை, நடித்ததும் இல்லை. பேர் சொன்னால் தெரிகிற ஒரு முகம்கூட அந்த போஸ்டரில் கிடையாது. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' அது. வெற்றிமாறனின் கிராஸ் ரூட் ஃபிலிம் கம்பெனி கைகொடுத்ததால் பிப்ரவரி 21-ம் தேதி தியேட்டருக்கு வந்தது. அடுத்த மாதமே கொரோனா வந்து, தியேட்டர்களுக்கே பூட்டு விழுந்தது.

படம் வெளியாவதற்கு ஆறு மாதம் முன்னால், 2019 ஆகஸ்டில் 66-வது தேசிய விருதுகளை அறிவித்தபோது, சிறந்த தமிழ்ப் படம் 'பாரம்' என்றார்கள். 'பேரன்பு'க்கும் 'பரியேறும் பெருமாளு'க்கும் கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்குக் கோபம். "பாரமா? அது எப்ப வந்துச்சு?" என்று கேட்காத சினிமா ரசிகர் அன்று இல்லை. கேள்வி நியாயமானதுதான். கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவில் 2018-லேயே காட்டப்பட்ட படம், தமிழ்நாட்டில் அதுவரை ஒரு டிக்கெட்டுக்குக்கூட வழியில்லாமல் இருந்தது. அந்தச் சண்டையின் இரைச்சலில் ஒரு விஷயம் அமுங்கிப் போனது. போட்டியில் எதிரெதிரே நிறுத்தப்பட்ட 'பேரன்பு', 'பாரம்' இரண்டுமே ஒரே வேலையைப் பற்றிய படங்கள். தானாக எழ முடியாத ஓர் உடம்பை யார் தூக்குவது, யார் கழுவுவது, எத்தனை நாளைக்கு?

பிரியா கிருஷ்ணசாமி புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். இதற்கு முன் இந்தியில் 'கங்குபாய்' என்றொரு படம் எடுத்தார். வீட்டு வேலை செய்யும் வயதான பெண் ஒருத்தி, ஒரு பார்ஸி சேலைக்காக வருஷக்கணக்கில் காசு சேர்க்கும் கதை. ஏழை வீட்டுக் கணக்கு வழக்கில் இவருக்கு அப்போதிருந்தே ஒரு கண். 'பாரம்' படத்திலும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. இந்தத் தடவை சேர்ப்பது சேலைக்கு இல்லை. செலவு செய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பது ஒரு மனிதருக்கு.

கதை சின்னது. கருப்பசாமி ஒரு நைட் வாட்ச்மேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பெற்ற மகன் இருக்கிறான். ஆனால் அவர் இருப்பது டவுனில், உடன்பிறந்தவள் வீட்டில், மாமா மாமா என்று சுற்றிவரும் மருமகன்களோடு. வேலைக்குப் போகிறார், சம்பாதிக்கிறார், யாருக்கும் கைநீட்டவில்லை. படத்தின் தலைப்பைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு, தொடக்கக் காட்சிகளில் இவர் யாருக்குப் பாரம் என்றே புரியாது. அப்புறம் ஒரு விபத்து. இடுப்பெலும்பு முறிகிறது. ஆபரேஷன் செய்யலாம் என்று மருமகன்கள் நிற்கிறார்கள். மகன் செந்தில் வேண்டாம் என்கிறான். அப்பாவை ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறான். கொஞ்ச நாளில் சாவுச் செய்தி வருகிறது. அது தானாக வந்த சாவு இல்லை என்று மருமகன் வீராவுக்குத் தெரியவருகிறது.

படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியல் செய்வித்துச் சாகவைக்கும் தலைக்கூத்தல் பற்றிய படம் என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் கொலை எண்ணெய் தேய்த்த அன்று நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

எலும்பு டாக்டர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால், உடம்பு தாங்குமென்றால், இரண்டு நாளைக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். முறிவின் இடத்தைப் பொறுத்து ஸ்க்ரூவோ கம்பியோ வைப்பார்கள்; இல்லாவிட்டால் தொடை எலும்பின் உருண்டைத் தலையை எடுத்துவிட்டு உலோக உருண்டை பொருத்துவார்கள். பெரும்பாலானவர்களை மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். கை எலும்புக்குப் போடுகிற மாதிரி இதற்கு மாவுக்கட்டு போட்டு ஆற்ற முடியாது. புத்தூர் கட்டும் நாட்டு வைத்தியர் எண்ணெயும் மற்ற எலும்புகளுக்கு எப்படியோ, தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் அந்த உருண்டைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துபோகக்கூடும். வெளியிலிருந்து எதைக் கட்டினாலும் பிரயோஜனமில்லை. ஆபரேஷன் இல்லையென்றால் படுக்கைதான். படுக்கை என்றால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், சிறுநீரில் கிருமி சேரும், முதுகுத்தண்டின் அடியில் புண் வரும். உடைந்த எலும்பால் யாரும் சாவதில்லை. அதற்குப் பிறகு வரும் இந்த வரிசைதான் ஆளைக் கொல்கிறது.

ஆக, கருப்பசாமிக்கு வந்தது தீராத நோய் இல்லை. சரிசெய்யக்கூடிய ஒரு முறிவு. படத்தின் உண்மையான திகில் இந்த ஒரு தகவலில் இருக்கிறது. கோமா, புற்றுநோய், முற்றிய மறதி நோய் என்று ஏதாவது இருந்திருந்தால் கருணைக்கொலை சரியா தவறா என்று நாமும் சௌகரியமாகப் பட்டிமன்றம் நடத்தியிருப்போம். அதற்கு இடம் கொடுக்காமல், எழுந்து நடந்திருக்கக்கூடிய ஒருவரைப் படுக்கவைத்துக் காட்டுகிறார் இயக்குநர்.

செந்திலை வில்லன் என்று முடித்துவிட மனம் வரவில்லை. எந்த அரசு மருத்துவமனையின் எலும்பு வார்டுக்கு வெளியிலும் மாலை நேரத்தில் நின்று பாருங்கள். மூன்று நான்கு பேர் வட்டமாக நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆபரேஷனுக்குக் காசு வாங்குவதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருக்கலாம். பேச்சு அதைப் பற்றி இருக்காது. "கூட யார் இருக்கிறது?" வார்டில் ஓர் ஆள் கூடவே இருந்தாக வேண்டும். அந்த ஆளின் தினக்கூலி போய்விடும். டிஸ்சார்ஜ் ஆனபிறகு வாக்கர், உயரமான கக்கூஸ் நாற்காலி, டயபர், கைப்பிடித்து நடக்கவைக்க ஓர் ஆள், இரவில் எழுப்பினால் எழுந்திருக்க ஓர் ஆள். ஆபரேஷன் இலவசம், அதற்குப் பின்னால் வரும் மூன்று மாதம் இலவசம் இல்லை. அந்த மூன்று மாதத்தை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சு முற்றும்போதுதான் வட்டத்தில் ஒருவர் சொல்வார்: "வயசாயிடுச்சு, எதுக்குக் கத்தி வெச்சு வதைக்கணும்? ஊருக்கே கொண்டுபோயிடலாம்." மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கென்று ஒரு ஃபாரம் உண்டு. கையெழுத்துப் போட்டால் போதும்.

இங்கேதான் 'பாரம்' தமிழ்க் குடும்பத்தின் மிகப் பழைய ஒரு முடிச்சில் கை வைக்கிறது. கூட இருந்தவர்கள் உடன்பிறந்தவளும் அவள் மகன்களும். ஆனால் முடிவெடுக்கும் உரிமை கொள்ளி போடப்போகிற மகனுக்கு. அவன் வந்து "என் அப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் மருமகன்கள் வாயடைத்துத்தான் நிற்கவேண்டும். தாய்மாமன் உறவு எவ்வளவு நெருக்கமானது என்று காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சீர் வாங்கும்போது தெரிகிற ஊருக்கு, தாய்மாமனின் ஆபரேஷன் விஷயத்தில் மருமகன் மூன்றாம் மனுஷன். வாரிசு உரிமை ஒரு கையில், பார்த்துக்கொள்ளும் மனசு இன்னொரு கையில். இந்தப் பிளவுதான் கருப்பசாமியின் உயிரை எடுக்கிறது.

பார்த்துக்கொள்வது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். படுக்கையில் இருப்பவருக்கு அடியில் துணி மாற்றுவதை ஒரு தடவை பாருங்கள். ஆளை முதலில் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. நனைந்த துணியை நீளவாக்கில் சுருட்டி முதுகுக்கு அடியில் செருகி, அதை ஒட்டியே புதுத்துணியையும் பாதி சுருட்டி வைக்க வேண்டும். பிறகு அந்த மேட்டின் மேலாக ஆளை மறுபக்கம் உருட்டி, பழையதை உருவி, புதியதை விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தால்கூட அங்கே தோல் சிவக்கும். சிவந்த இடத்தை அன்றே கவனிக்காவிட்டால் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். பகலில் சரி. ராத்திரி பதினொன்றுக்கு, ஒன்றுக்கு, மூன்றுக்கு? எங்கள் வீட்டில் பெரியம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அக்காவின் முழங்கை எப்போதும் டெட்டால் வாசமடிக்கும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இதற்கு ஓர் எண் இருக்கிறது. வீட்டு மனிதர்களைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் வேலையில் இறங்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 134 நிமிடம். ஆண்கள் 76 நிமிடம். சமையல், துணி துவைப்பது போன்றவை இதில் சேராது. அவை தனிக் கணக்கு. 'பாரம்' படத்தில் எனக்கு உள்ள குறை இங்கேதான். முடிவெடுக்கும் ஆண்களின் முகத்தை அது நன்றாகப் பார்க்கிறது. முடிவு என்னவானாலும் கஞ்சி காய்ச்சி, பீத்துணி அலசப்போகிற பெண்களின் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

தலைக்கூத்தல் புதுச் செய்தி அல்ல. விருதுநகர் வட்டாரத்துக் கிராமங்களில் நடப்பதாக 2010 வாக்கில் பத்திரிகைகள் விரிவாக எழுதின. வீட்டார் தனக்கு நாள் குறித்துவிட்டதைக் காதில் வாங்கிய ஒரு முதியவர் வீட்டைவிட்டு ஓடிப்போனதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. முறை எல்லோரும் அறிந்ததே. விடியற்காலையில் உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்ப்பார்கள். பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். பிறகு இளநீர், டம்ளர் டம்ளராக. ஏற்கெனவே தளர்ந்த உடம்பு குளிர்ந்து, ஜன்னி கண்டு, சிறுநீரகம் நின்று, ஓரிரு நாளில் முடிந்துவிடும். மூக்கைப் பிடித்துப் பால் ஊற்றுவது இன்னொரு வழி. பிற்பாடு ஊசி போடுவதற்கே ஆட்கள் வந்துவிட்டதாகவும் செய்திகள் வந்தன. எண்ணெய்க் குளியலும் இளநீரும், யோசித்துப் பாருங்கள், நோயில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு அம்மா செய்வது. அதே கை, அதே சாமான்கள். ஊர்க்காரர்கள் அதைக் கொலை என்று நினைக்காமலிருக்க இந்தச் சாயல்தான் உதவுகிறது. வயதான மனிதர் இறந்தால் கிராமத்தில் யாரும் போஸ்ட்மார்ட்டம் கேட்பதில்லை. எரித்துவிட்டால் சோதிக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

படத்தின் பின்பாதி இந்த மௌனத்தோடு வீரா மோதுவதுதான். இந்தப் பகுதியில் வசனங்கள் சில இடங்களில் பார்வையாளருக்குப் பாடம் எடுக்கின்றன; பாத்திரங்கள் தங்களுக்குள் பேசுவதை விட்டுவிட்டு நம்மிடம் பேசத் தொடங்குகிறார்கள். பணமில்லாத படத்துக்கு வரும் வழக்கமான நோய் இது. காட்சியாக எடுக்க வேண்டியதை வாயால் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே பணமில்லாத நிலைமை முன்பாதியில் படத்துக்குப் பலமாகியிருக்கிறது. செட் போட்ட வீடுகள் இல்லை. குறுகலான நிஜ அறைகளுக்குள் ஜெயந்த் சேது மாதவனின் கேமரா ஆட்களோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கட்டில் போட்டால் மீதி இடத்தில் இரண்டு பேர் நடமாட முடியாத அறை எப்படி இருக்கும் என்று இந்தப் படத்தில் தெரிகிறது. கருப்பசாமியாக நடித்த ஆர்.ராஜு புதுச்சேரி நாடக உலகத்தைச் சேர்ந்தவர். மற்றவர்களிலும் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள். மேடைக்காரருக்கு உடம்புதான் முதல் கருவி. அதை அசையாமல் வைத்திருக்கச் சொன்னால் கண்ணும் தாடையும் மட்டும் வேலை செய்ய வேண்டும். ராஜு செய்கிறார்.

இதே விஷயத்தைச் சுற்றித் தமிழில் இன்னும் சில படங்கள் வந்திருக்கின்றன. மதுமிதாவின் 'கே.டி. (எ) கருப்புதுரை'யில் கோமாவிலிருந்து கண் விழித்த கிழவர் தன் சாவுக்கான ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு ஓடிப்போகிறார்; வழியில் ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டு பிரியாணி தேடி ஊர் சுற்றுகிறார். அங்கேயும் நாடகக்காரர்தான், மு.ராமசாமி. இனிமையான படம். ஆனால் காலூன்றி ஓட முடிந்தவருக்குத்தான் அந்தக் கதை. 2023-ல் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் எடுத்த 'தலைக்கூத்தல்' அதற்கு நேர் எதிர்முனை: நினைவில்லாமல் கிடக்கும் அப்பா, அவரை விட்டுக்கொடுக்காத மகனாக சமுத்திரக்கனி, முடித்துவிடச் சொல்லி நெருக்கும் குடும்பம். படம் அடிக்கடி அந்த அப்பாவின் இளமைக்குள், அவர் காதலுக்குள் போய்வருகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் உடம்பாகத் தெரிபவருக்குள் ஒரு முழு ஆள் இன்னும் நடமாடுகிறான் என்பதை வசனம் எதுவும் இல்லாமல் சொல்ல அந்தப் படம் கண்டுபிடித்த வழி அது. லட்சுமி ராமகிருஷ்ணனின் 'ஹவுஸ் ஓனர்' 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட தம்பதியின் கதை. கணவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், அல்சைமர் நோயாளி. மனைவியை யாரென்றே தெரியாத ஒருவரை, அவர் வாயிலிருந்து வரும் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, ஏறிவரும் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வேண்டும். அந்த வேலைக்கு லீவு கிடையாது என்பதை ஸ்ரீரஞ்சனியின் முகத்தைவிட நன்றாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லிவிடாது.

ராமின் 'பேரன்பு' இவற்றில் பெரிய படம், மம்மூட்டி இருக்கிறார். இருந்தும் அதன் ஆதாரக் காட்சி மிகச் சின்னது: பெருமூளை வாதத்தோடு பிறந்த மகள் வயதுக்கு வந்துவிட்டாள்; தனியாளாக வளர்க்கும் அப்பாவை அவள் நாப்கின் மாற்ற விடமாட்டாள். பாசத்தால் தாண்ட முடியாத ஓர் இடத்தில் அந்த அப்பா நிற்கிறார். அங்கே தேவை இன்னொரு ஆள். சம்பளத்துக்கோ, சொந்தத்துக்கோ, அரசு அனுப்பியோ, யாரோ ஒருவர்.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. கவனிக்காத பிள்ளைகள் மேல் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்வரை தரச் சொல்லி உத்தரவு வாங்கலாம். கைவிட்டவர்களுக்கு மூன்று மாதம்வரை சிறை. ஆனால் மனு கொடுக்க வேண்டியவர் எழுந்து நிற்க முடியாமல், மனு யார் மேலோ அவர் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. ஆனால் எழுபது வயதில் நடை போனவரை மாற்றுத்திறனாளி முகாமுக்குக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றுவதில்லை.

தலைக்கூத்தலைப் பற்றிப் பேசினாலே யாராவது ஒருவர் சுப்ரீம் கோர்ட்டே கருணைக்கொலையை அனுமதித்துவிட்டதே என்பார். 2018 மார்ச் 9-ம் தேதித் தீர்ப்பு அனுமதித்தது, மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கை உயிர்காப்பு சிகிச்சையை நிறுத்துவதை. அதுவும் டாக்டர்கள் குழுவின் ஒப்புதலோடு. அதற்கு முந்தைய அருணா ஷான்பாக் வழக்குதான் இங்கே அதிகம் பேசப்பட வேண்டியது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸான அவர், 1973-ல் நடந்த கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015-ல் இறக்கும்வரை 42 வருஷம் அதே மருத்துவமனையின் நர்ஸுகள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் உடம்பில் படுக்கைப் புண் இல்லை என்பது நீதிமன்றம்வரை பேசப்பட்டது. அவருக்கு விடுதலை கொடுங்கள் என்று வெளியிலிருந்து மனு போட்டபோது, 2011-ல் நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். அவருக்காகப் பேசும் இடத்தில் இருப்பவர்கள் இத்தனை வருஷம் அவரைத் திருப்பிப் படுக்கவைத்த அந்த மருத்துவமனை ஊழியர்கள்தான் என்றது தீர்ப்பு.

கருப்பசாமியின் வராந்தாவில் அப்படி ஒரு நீதிபதி இருந்திருந்தால், செந்திலை நகரச் சொல்லிவிட்டு வீராவைக் கேட்டிருப்பார்.

வாரிசு யார் என்று பார்க்காமல் படுக்கை யாருடையது என்று பார்த்து வீட்டுக்கு வரும் ஆட்களைப் பக்கத்து மாநிலம் முப்பது வருஷத்துக்கு முன்பே யோசித்தது. 1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண முயற்சி, அக்கம்பக்கத்தாரையே பழக்கி வீடு வீடாக அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக்கி, உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகின்றன. வருகிற நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்வார், டியூப் மாற்றுவார், எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பார், அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார். அவர் பட்டியலில் இன்னும் நிறைய வீடுகள் இருக்கும். அவர் போன பிறகு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கூலி போட்டுக் கொடுக்கும் வேலையை எந்த அரசும் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. செந்தில் போட்ட கணக்கில் இடித்தது அந்த ஒரு வரிதான்.